மூன்றாம் மாடிச் சமரசம்

திருச்சியில் ஒரு சமரச வக்கீலைக் கண்டுபிடிப்பது இவ்வளவு சிரமமாக இருக்கும் என்று மெர்லின் எதிர்பார்க்கவில்லை. முதலில் போன வக்கீல் தன் அலுவலகத்தைக் கேக் கடையாக மாற்றிவிட்டிருந்தார். சட்டப் புத்தகங்கள் இருந்த கண்ணாடி அலமாரியில் பிளம் கேக்குகள் அடுக்கியிருந்தன. "சமரசமா? அதையெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறாங்க? இந்தாங்க, ஒரு பிஸ்கெட் சாப்பிட்டுப் பாருங்க" என்றார். இரண்டாமவர் மகளோடு மஸ்கட் போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்றாமவர் முழுக் கதையையும் வாசலில் நின்றபடியே பொறுமையாகக் கேட்டார்.

"முன்தீர்ப்புல போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"போன்ல அஞ்சு நிமிஷ வேலை, கோர்ட்டுல என்ன தீர்ப்பு வரும்னு முன்கூட்டியே சொல்லிரும், போட்டுப் பாருங்க. ஜெயிப்பீங்கன்னு வந்தா நான் தேவையில்ல. தோப்பீங்கன்னு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." கதவைச் சாத்திவிட்டார்.

மெர்லினுக்கு வேண்டியது ஒரு லிப்ட். பொன்மலையில் அவர்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. லிப்ட் கட்டாயமில்லாத காலத்தில் கட்டியது. அவள் கணவன் ரெஜினால்டு, ஊருக்கு ரெஜி, கால்பந்து நடுவராக இருந்தவன். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்று மைதானம் முழுக்க ஓடியவனுக்கு நாற்பத்தைந்து வயதில் கால் தசைகள் ஒவ்வொன்றாக ஓய்வு கேட்டன. காலில் மாட்டும் நடை இயந்திரம் சமதரையில் அவனை நடத்தியது. ஆனால் அந்தக் கட்டடத்தின் செங்குத்தான படிகளைக் கண்டதும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். மூன்று வருடங்களாக அவன் கீழே இறங்கியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். நாற்காலியோடு தூக்க இரண்டு ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒருவன் வராத நாளில் மெர்லின் ஒரு பக்கம் பிடிப்பாள். பேருந்து மின்னேற்று நிலையத்தில் ஷிப்ட் மேலாளர் வேலை அவளுக்கு. அங்கே நாள் முழுக்க நின்றுவிட்டு இங்கே வந்து நாற்காலி தூக்கி, இடுப்பு போயே போய்விட்டது.

ரெஜி மட்டும் சிரிப்பை விடவில்லை. பால்கனியில் உட்கார்ந்து தெருவுக்கு நடுவர் வேலை பார்ப்பான். "ஏய் நீல ஆட்டோ! அது ஃபவுல்! மஞ்சள் அட்டை!"

லிப்ட் வைக்கக் கட்டடத்தின் பின்பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது. அந்தப் பின்கட்டு தரைத்தள வீட்டுக்குச் சொந்தம் என்று பத்திரம் சொன்னது. தரைத்தளத்தில் லோகநாதன் தனியாக இருந்தார். ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். மெர்லின் ஒருமுறை போய்க் கேட்டபோது, "மோட்டார் சத்தம் என் படுக்கை ரூம் சுவத்துல வரும். முடியாதும்மா" என்று ஒரே வரியில் முடித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாசலில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் பக்கம் பத்திரம் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போனால் அவர்தான் ஜெயிப்பார் என்று கட்டடத்தில் எல்லாரும் சொன்னார்கள். மெர்லினும் அப்படித்தான் நம்பினாள்.

நான்காவது வக்கீல் பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருந்தார். நஸ்ரின் என்று பெயர். மேஜையில் கோப்பு எதுவும் இல்லை, ஒரு தட்டில் நறுக்கிய கொய்யாப்பழமும் மிளகாய்த்தூளும் இருந்தன.

"உக்காருங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, பாத்தாச்சா?"

"முன்தீர்ப்பா? இல்ல மேடம்."

"வீட்டுக்காரர்?"

"அவர் பாக்க மாட்டார். அவருக்கு வீடியோ பாத்துத் தீர்ப்பு சொல்ற ரெஃபரியைக் கண்டாலே ஆகாது."

நஸ்ரின் சிரித்தார். "நல்லது. பாத்தவங்களை நான் எடுக்கிறதில்ல."

"ஏன் மேடம்? எல்லாரும் பாத்துட்டு வான்னுதான் சொல்றாங்க."

"அது சொல்றது பொய்யா இருந்தா எனக்குக் கவலையே இல்ல. அது சரியாச் சொல்லுது, அதான் தொல்லை. ரெண்டு தரப்பு காகிதத்தையும் போட்டா, கோர்ட்டுக்குப் போனா என்ன வரும்னு அப்படியே சொல்லிருது. முன்னல்லாம் ரெண்டு பக்கமும் பயம் இருக்கும். வக்கீலுக்கே தெரியாது. அந்தப் பயத்துலதான் எதிராளி மூஞ்சியை ஒரு தடவை நல்லாப் பாப்பாங்க, ஒரு வார்த்தை பேசிப் பாப்போமேன்னு தோணும். இப்ப ஜெயிக்கிறவனுக்குப் பேசத் தேவையில்ல. தோக்கிறவனுக்குப் பேசத் தைரியமில்ல."

"ஒருத்தர் பாத்தா அடுத்தவருக்கும் போயிரும்னு சொல்றாங்களே?"

"ஆமா, சட்டமே அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிஞ்சா நியாயமில்லன்னு, சொத்து யார் பேர்ல இருக்கோ அந்த ரெண்டு பேர் போனுக்கும் ஒரே நேரத்துல வந்துரும்." கொய்யாத் துண்டு ஒன்றை எடுத்து மிளகாய்த்தூளில் தொட்டார். "லால்குடி பக்கம் அண்ணன் தம்பி. வீட்டுத் தகராறு. அண்ணன் காலையில போட்டுப் பாத்தான். ஜெயிச்சுட்டான். தம்பிக்கும் போன்ல வந்தது. மத்தியானம் தம்பி வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். சண்டை கூடப் போடல. ஒரு வருஷம் கழிச்சு அந்த அண்ணன் இதே நாற்காலியில உக்காந்து, தம்பியைக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்னு அழுதான். நான் என்ன போலீஸா?"

மெர்லின் தட்டைப் பார்த்தாள். நஸ்ரின் அதை அவள் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு தரப்பும் பாக்கலன்னு எழுதிக் குடுக்கணும். பாத்தது தெரிஞ்சா ஒப்பந்தம் செல்லாது. அப்புறம், பேச்சுவார்த்தை உங்க வீட்டுலதான். மூணாவது மாடியில."

"அங்கிள் எப்படி ஏறுவார் மேடம்? முழங்கால் வலிக்காரர்."

"அதுக்குத்தான்" என்றார் நஸ்ரின்.

அன்று வீட்டுக்குப் போய் ரெஜியிடம் சொன்னாள். அவன் நடை இயந்திரத்தின் பட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது. "லோகு அண்ணன் வருவாரா?" என்றான். "கேட்டுப் பாக்குறேன்" என்றாள். "கேளு. ஆனா மரியாதையாக் கேளு" என்றான்.

மறுநாள் கீழே போய்க் கதவைத் தட்டினாள். மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியம் பாதியில் மறந்துவிட்டது.

"அங்கிள், கோர்ட்டுக்குப் போறதா இல்ல. ஒரு வக்கீல் அம்மா இருக்காங்க. பேசிப் பாக்கலாம்னு... நீங்க மேல வரணும். கஷ்டம்தான், தெரியும்."

லோகநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெஃபரி அனுப்பிச்சாரா?"

"இல்ல அங்கிள், நானாத்தான் வந்தேன்."

"நீங்க அந்த முன்தீர்ப்பு எதுவும் பாக்கலயா?"

"சத்தியமா இல்ல. நீங்க?"

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்றவர் சற்று நேரம் வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வர்றேன்" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று மெர்லின் நினைக்கவேயில்லை. படியேறும்போது அவளுக்கு இடுப்பு வலிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை லோகநாதன் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். "இந்தப் படியைக் கட்டின மேஸ்திரி மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று சொல்லி நாற்காலியில் விழுந்தார்.

"வாங்கண்ணே! ஆஃப்சைடு ஆகாம வந்துட்டீங்க" என்றான் ரெஜி.

அன்றைக்கு லிப்ட் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நஸ்ரின் சொல்லிவிட்டார். பிறகு என்ன பேசுவது? இட்லிக்கு எது பொருத்தம் என்று ஆரம்பித்தார்கள். அது எப்படியோ ரயில்வே மைதானத்துக்குப் போனது. லோகநாதன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே கோல் காத்தவராம். எந்த வருடம் எந்த அணி என்று ரெஜி கேட்கக் கேட்க, அவர் பெயர் பெயராகச் சொன்னார். மெர்லின் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போய் மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும்போதுதான் அவர் தன் காதைப் பற்றிச் சொன்னார்.

"இன்ஜின் கேபின்லயே வாழ்க்கை போச்சுல்ல ரெஃபரி, காதுக்குள்ள ஒரு இரைச்சல். குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஸ்ஸ்ஸ்னு ஒண்ணு வருமே, அது. விசில் வராது, அது மட்டும் வந்துட்டே இருக்கும். மருந்து கிடையாதாம். இதுல மோட்டாரும் சுவத்துல உறும ஆரம்பிச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

"இப்ப இருக்கா?"

லோகநாதன் தலையைச் சாய்த்துக் கவனித்தார். "இருக்கு. பேசிட்டிருக்கும்போது தெரியல."

மெர்லினுக்கு அது புதிதாக இருந்தது. பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது அவர் பக்கமும் ஒரு நியாயம் இருப்பது தெரிந்ததும் பயம் அதிகமானது. பத்திரமும் அவர் பக்கம், நியாயமும் அவர் பக்கம்.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன. லிப்ட் பற்றிப் பேச அனுமதி கிடைத்ததும், பேச்சு முடிகிற மாதிரி வரும், முடியாது. இரவு லிப்ட் ஓடக்கூடாது என்றார் லோகநாதன். மெர்லின் உடனே சரி என்றாள். உடனே ரெஜி, "அப்ப கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டான். அதற்கு ஒரு சனிக்கிழமை போனது. மாடி எண்ணை அறிவிக்கிற பெண் குரல் வேண்டாம், அது தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார் லோகநாதன். குரல் இருந்தே ஆகவேண்டும் என்றான் ரெஜி. அதற்கு இரண்டு வாரம். உள்ளே கண்ணாடி வைப்பதா கூடாதா என்பதற்கு ஒரு மாதமே போயிற்று. இடையில் ரெஜி பழைய ஆட்டங்களைத் திரையில் போட, லோகநாதன் "அது பெனால்டியே இல்ல!" என்று எழுந்து நின்று கத்துவார். முழங்கால் வலிக்காரர் எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்து நஸ்ரின் கொய்யாவைக் கடித்தபடி யோசனையில் ஆழ்வார்.

"எதுக்கு ரெஜி சும்மா இழுக்குற? அவர் இறங்கி வர்ற நேரத்துல கண்ணாடி கிண்ணாடின்னுட்டு" என்று மெர்லின் ஒருநாள் கேட்டாள்.

"அவசரப்பட்டா தப்பான தீர்ப்பு குடுத்துருவோம் மெர்லி" என்றான்.

அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் பலமுறை அவனை இறக்கி ஏற்றியாயிற்று. ஒருமுறை முதல் மாடித் திருப்பத்தில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். ரெஜி ஏதோ வேடிக்கை சொன்னான். அவளும் சிரித்தாள்.

மீதியிருந்தது மோட்டார் மட்டும்தான். கீழே வைத்தால் லோகநாதனின் சுவர். மொட்டை மாடியில் வைத்தால் சத்தம் அவரை எட்டாது என்றார் லிப்ட் கம்பெனிக்காரர். ஆனால் மொட்டை மாடியில் ஒரே ஒரு அறைதான் உண்டு. மூன்றாம் மாடி வீட்டோடு சேர்ந்த சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு கயிற்றுக்கட்டில், மெர்லின் வரைகிற நீர்வண்ணப் படங்கள். வேலை முடிந்து வந்ததும் அரைமணி நேரம் அவள் அங்கே போய் இருப்பாள். யாரையும் தூக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி அவள் ரெஜியிடம்கூட அதிகம் பேசியதில்லை.

"மாடி ரூம்ல மோட்டாரை வச்சுக்கலாம்" என்று அவள்தான் சொன்னாள்.

"உனக்கு அந்த ரூம் வேணுமே" என்றான் ரெஜி.

"லிப்ட் வந்தா போதும்."

லோகநாதன் ரெஜியைப் பார்த்தார். ரெஜி ஜன்னலைப் பார்த்தான். "வேண்டாம்மா, வேற ஏதாவது வழி..." என்று லோகநாதன் ஆரம்பித்தார். மெர்லின் விடவில்லை. இவர் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் அவளுக்கு. "இல்ல அங்கிள், அதுதான் சரி. எழுதிக்குங்க மேடம்" என்றாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் படங்களைச் சுருட்டிக் கீழே வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கயிற்றுக்கட்டிலைப் பழைய பொருள்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

லிப்ட் ஓட ஆரம்பித்தது பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நஸ்ரினுக்கு ஒரு கல்யாணம் இருந்ததால் வர முடியவில்லை. லோகநாதன் மட்டும் வந்தார். மேலே வருவதற்கு அவரே முதலில் ஏறினார், கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு வந்தார். சாப்பிட்டுவிட்டு ரெஜியைக் கீழே கூட்டிக்கொண்டு போய்த் தெருவில் ஒரு சுற்று சுற்றுவது என்று ஏற்பாடு. மெர்லின் பிரியாணி செய்திருந்தாள். லோகநாதன் மூன்றாவது தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். வயிறும் மனசும் நிறைந்திருந்தன.

"என்ன சொல்லுங்க ரெஃபரி, அன்னிக்கு ரிசல்ட் வந்த கையோட நீங்க கோர்ட்டுக்குப் போயிருந்தா, இந்த பிரியாணி எனக்குக் கிடைச்சிருக்குமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையிலிருந்த எலும்பை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"என்ன ரிசல்ட்?" என்றாள் மெர்லின்.

லோகநாதன் ரெஜியைப் பார்த்தார்.

"ரெஜி, என்ன ரிசல்ட்டு?"

"நீ வக்கீல் தேட ஆரம்பிச்ச அன்னிக்குப் போட்டுப் பாத்தேன்" என்றான் ரெஜி. "சும்மா, உனக்கு அலைச்சல் மிச்சமாகட்டுமேன்னு. வீடு என் பேர்ல இருக்கிறதால என் போனுக்குத்தான் வந்துச்சு."

"அப்புறம்?"

"நாமதான்."

"நாமதான்னா?"

"ஜெயிக்கிறது. முழுசா. வெளிய வர முடியாதவங்களுக்கு வழி விட்டே ஆகணும்னு சட்டம் இருக்காம். அதுக்கு முன்னாடி பத்திரம் நிக்காதாம். ஒரு மாசத்துல லிப்ட் வேலை ஆரம்பிச்சிருக்கலாம்."

மெர்லின் லோகநாதனைப் பார்த்தாள். "உங்களுக்கும் வந்துச்சா அங்கிள்?"

"அதே நிமிஷம்" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "நீங்க வந்து கதவைத் தட்டினப்ப, மிரட்டத்தான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். நீங்க கெஞ்சுறீங்க. உங்களுக்குத் தெரியலன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஜெயிச்ச ஆள் ஏன் சும்மா இருக்கார்னு பாத்துட்டு வருவோம்னுதான் முதல் தடவை ஏறி வந்தேன்."

"அப்ப மோட்டார் கீழயே வந்திருக்கும்."

"ம்."

"என் ரூம் போயிருக்காது."

லோகநாதன் தன் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"ஏன் ரெஜி?"

"யோசிச்சுப் பாரு மெர்லி. அண்ணனைத் தோக்கடிச்சு லிப்ட் வச்சா, நான் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் காதுக்குள்ளதானே போயிட்டு வருவேன்? அப்படி ஒரு லிப்ட்ல எப்படி..."

"சரி, நல்ல எண்ணம்தான். அதை என்கிட்டயும் சொல்லிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் பேசி ஒரே வாரத்துல முடிச்சிருக்கலாம். கதவு எந்தப் பக்கம், பொம்பளை குரலா ஆம்பளை குரலா, கண்ணாடி வேணுமா... அதெல்லாம் எதுக்கு?"

ரெஜி எப்போதும் கையில் வைத்திருக்கும் வேடிக்கைப் பேச்சு ஒன்றும் அன்று அவனுக்கு உதவிக்கு வரவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சனிக்கிழமையானா ஆள் வந்துச்சு" என்றான் கடைசியில். "மூணு வருஷமா இந்த வீட்டுக்குள்ள வந்தவங்க எல்லாம் என்னைத் தூக்குறதுக்கு வந்தவங்க. இவர் ஒருத்தர்தான் என்கூடச் சண்டை போட வந்தார். கையெழுத்துப் போட்டா அதோட முடிஞ்சிரும்ல."

லோகநாதன் சன்னமான குரலில், "நானும் அதான்மா. கண்ணாடி வேண்டாம்னு சொன்னதெல்லாம்..." என்று நிறுத்தினார்.

மெர்லின் எழுந்து கை கழுவினாள். துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நான் வந்தேனே ரெஜி. தினமும் வந்தேனே."

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். புது லிப்ட் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவள் படி வழியாக இறங்கிப் போனாள்.

மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் பாலக்கரைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது நஸ்ரின் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. மெர்லினுக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"உங்களுக்கும் தெரியுமா?"

"நேத்து பெரியவர் சொல்ற வரைக்கும் தெரியாது. சந்தேகம் வந்துச்சு. தோத்துருவோமோன்னு பயப்படுறவங்க அவ்வளவு சந்தோஷமாச் சண்டை போட மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் அந்த ரூம்ல பயத்தோட உக்காந்திருந்தீங்க." நஸ்ரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கேட்டிருக்கணும். நல்லாப் போகுது, கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

"நல்லாப் போனது அவங்க ரெண்டு பேருக்கும்தான்."

"ஆமா." நஸ்ரின் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சட்டப்படி ஒண்ணு சொல்லணும். அவங்க பாத்துட்டுப் பாக்கலன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஒப்பந்தம் செல்லாது. நீங்க நினைச்சா மோட்டாரைக் கீழ இறக்கலாம். நேத்தே பெரியவர் எனக்குப் போன் பண்ணி, இறக்கிடச் சொல்லுங்க, நான் காதுல பஞ்சு வச்சுக்கிறேன்னார். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

மெர்லின் யோசித்தாள். மோட்டார் இறங்கினால் அறை திரும்பக் கிடைக்கும். கட்டிலும் வேறு வாங்கிக்கொள்ளலாம். அப்படி நினைத்துப் பார்த்தபோதும் நெஞ்சில் இருந்த கல் அப்படியே இருந்தது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம் மேடம். இப்ப நான் ஒரு புது கேஸ் குடுக்க வந்திருக்கேன்."

"எதிர்த்தரப்பு யாரு?"

"அவங்க ரெண்டு பேரும்தான். இந்தத் தடவை அவங்க இங்க வரட்டும்."

ஆகவே, புது லிப்டில் ரெஜி முதன்முதலாக இறங்கிப் போன இடம் பாலக்கரைக் கண்ணாடிக் கடையின் பின்பக்கம். தெருவில் ஒரு சுற்று என்று போட்ட ஏற்பாடு, ஆட்டோவில் எதிர்த்தரப்பாகப் போய் உட்காருவதில் முடிந்தது. அவனும் லோகநாதனும் ஒரே பெஞ்சில், தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்பட்ட பையன்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழியில் எந்த ஆட்டோவுக்கும் ரெஜி மஞ்சள் அட்டை காட்டவில்லை.

"யார் முதல்ல பேசுறீங்க?" என்றார் நஸ்ரின்.

ரெஜி தொண்டையைச் செருமினான். "மெர்லி, நான் பண்ணினது..."

"நீ பேச வேண்டாம்" என்றாள் மெர்லின். "மன்னிப்பெல்லாம் வீட்டுலயே கேட்டாச்சு. மோட்டாரு, ரூமு அதுவும் இப்ப வேண்டாம். எட்டு மாசமா நீங்க ரெண்டு பேரும் பேசினீங்க, நான் டீ போட்டேன். இன்னிக்கு நான் பேசுறேன். நீங்க கேளுங்க."

"எவ்வளவு நேரம்மா?" என்று லோகநாதன் பயந்துகொண்டே கேட்டார்.

"நான் முடிக்கிற வரைக்கும்."

நஸ்ரின் எழுந்து போய்க் கடைப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெர்லினுக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. மின்விசிறியைப் பார்த்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"முதல் தடவை உன்னை நாற்காலியோட கீழ இறக்கினோமே, மழை பேஞ்ச அன்னிக்கு" என்று ஆரம்பித்தாள். "கீழ போனப்புறம், உன் செருப்பு மேலயே இருந்துருச்சுன்னு எடுக்க ஓடினேன். நீ ஆட்டோல உக்காந்து, ஏன் இவ்வளவு நேரம்னு கேட்ட. செருப்பைத் தேடிட்டிருந்தேன்னு சொன்னேன். தேடவே இல்ல, வாசல்லயே இருந்துச்சு. அதைக் கையில எடுத்தேன், ரெண்டாவது மாடிப் படியில உக்காந்தேன். இனிமே இந்தச் செருப்பு தேயவே தேயாதேன்னு தோணுச்சு. அழுதேன். யாரோ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. எழுந்து மூஞ்சியைத் துடைச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே உன்கிட்ட வந்தேன். அன்னிக்குச் சிரிக்க ஆரம்பிச்சது..."

அவள் நிறுத்தினாள். லோகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், ஆட்டம் நடக்கும்போது பந்தைப் பார்ப்பவன் மாதிரி.

"அப்புறம்?" என்றான்.